அலையை வாங்கிக்கொள்ளும் பிளாஸ்டிக்



கைபேசியின் முதுகில் ஒட்டும் 'கதிர்வீச்சுத் தடுப்பு' ஸ்டிக்கர் பற்றிக் கேட்டு நமக்கு வரும் கடிதங்கள் குறையவே இல்லை. வாங்கலாமா, பலன் உண்டா, பிள்ளைகள் கையில் போனைக் கொடுக்கும்போதாவது ஒட்டிக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்பதுதான் என் பதில். காரணத்தை இந்தப் பக்கத்திலேயே பின்னால் சொல்கிறேன். அதற்குமுன் வேறொன்றைச் சொல்ல ஆசை. அந்த ஸ்டிக்கரின் உறைமேல் 'நானோ', 'கார்பன்', 'அலையை உறிஞ்சும்' என்றெல்லாம் அச்சிட்டிருக்கிறார்களே, அந்தச் சொற்கள் உண்மையாக உழைக்கும் ஓர் அறிவியலிலிருந்து எடுத்தவை. நுண்ணலையைத் திருப்பி எறியாமல் தனக்குள் வாங்கி, வெப்பமாக்கித் தீர்த்துவிடும் பிளாஸ்டிக்குகள் நிஜமாகவே இருக்கின்றன. நம் ஊர்ப் பொறியியல் கல்லூரிகளில் எத்தனையோ மாணவர்கள் இவற்றைத்தான் முதுகலைத் திட்டப்பணிக்கும் முனைவர் பட்டத்துக்கும் எடுத்துக்கொண்டு இரவு பகலாக ஆய்வகத்தில் நிற்கிறார்கள். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று அவர்கள் வீட்டாருக்கே விளங்குவதில்லை. ஆகவே இம்மாதம் இந்தப் பக்கம் முழுவதையும் அவர்கள் பொருளுக்கே தருகிறேன்.

நுண்ணலை என்பது 300 மெகாஹெர்ட்ஸ் முதல் 300 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகள். நீளத்தில் சொன்னால் ஒரு மீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை. சமையலறை மைக்ரோவேவ் அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. அந்த அலையின் நீளம் 12 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். வைஃபையும் புளூடூத்தும் அதன் பக்கத்து வீட்டுக்காரர்கள். கப்பல்களிலும் விமானங்களிலும் உள்ள ராடார்களில் பல 10 கிகாஹெர்ட்ஸை ஒட்டியவை, மூன்று சென்டிமீட்டர் அலை. புதிய கார்களில் முன்வண்டிக்கும் நமக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்துப் பிரேக் போடும் ராடாருக்கு 77 கிகாஹெர்ட்ஸ், நான்கு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவான அலை. இந்தக் குறு அலைகளோடு நம் நாட்டுக்குப் பழைய உறவு உண்டு. 1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில் ஜகதீச சந்திர போஸ் மில்லிமீட்டர் அலைகளைச் சுவர் தாண்டி அனுப்பி, தொலைவில் ஒரு மணியை ஒலிக்கவைத்தார், வெடிமருந்தைப் பற்றவைத்தார். அன்று அந்த மண்டபத்தில் அலையை உண்டாக்கிய கருவி ஒன்றே ஒன்று. இன்று நம் ஒவ்வொருவர் வீட்டிலும் அப்படிப் பல இருக்கின்றன.

நெருக்கடி அங்கேதான் தொடங்குகிறது. அலையை உண்டாக்குவதைவிட, வேண்டாத இடத்துக்கு அது போகாமல் பார்த்துக்கொள்வதுதான் இன்றைய பொறியாளரின் பெரிய தலைவலி. ஓர் உயர் அதிர்வெண் பெருக்கியை உலோகப் பெட்டிக்குள் வைத்து மூடினால், கசியும் அலை பெட்டியின் சுவர்களில் மோதி மோதித் திரும்புகிறது. வெளியே போக வேண்டியது உள்ளேயே சுற்றி உள்வாயிலில் நுழைந்தால், மூடி திறந்திருக்கும்போது ஒழுங்காக இருந்த சுற்று மூடியைப் போட்டதும் தானாகக் கத்தத் தொடங்கும். கார் ராடாரிலும் இதே தொல்லை. பம்பருக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சிறு பெட்டியிலிருந்து கிளம்பும் அலையில் ஒரு பகுதி பம்பரிலும் தாங்கு சட்டத்திலும் பட்டுத் திரும்பினால், சாலையில் இல்லாத ஒரு வண்டி இருப்பதாகக் கணினி எண்ணிக்கொள்ளக்கூடும். அதனால்தான் அந்தத் தாங்கு சட்டத்தையே அலையை வாங்கிக்கொள்ளும் கரி கலந்த பிளாஸ்டிக்கில் வார்க்கிறார்கள். நம்மில் பலர் கதிர்வீச்சு என்றால் மனித உடம்பை நினைத்துத்தான் கவலைப்படுகிறோம். இந்தப் பொருள்கள் பெரும்பாலும் காப்பாற்றுவது ஓர் இயந்திரத்தை இன்னோர் இயந்திரத்திடமிருந்து. பல வேளை, ஒரு கருவியை அதன் சொந்த அலையிடமிருந்தே.

உலோகத்தால் மூடிவிட்டால் போதாதா என்று கேட்கத் தோன்றும். உலோகம் அலையை உள்ளே விடாது என்பது சரி. ஆனால் வந்ததை அப்படியே திருப்பி அனுப்பிவிடும். துறைமுகத்தின் கருங்கல் சுவரில் மோதும் கடலலை அதே வேகத்தில் திரும்பி எதிரே வரும் படகை ஆட்டுகிறது. மணற்கரையில் ஏறும் அலையோ சரிவில் தவழ்ந்து, சலசலத்து, திரும்பிப் போக வலுவில்லாமல் அடங்கிவிடுகிறது. நுண்ணலைக்கு நாம் கட்ட வேண்டியது மணற்கரை. அதற்கு இரண்டு காரியம் நடக்க வேண்டும். முதலாவது, அலை தடையில்லாமல் உள்ளே நுழைய வேண்டும். இரண்டாவது, நுழைந்தபின் அதன் ஆற்றல் தீர வேண்டும். கேட்கும்போது எளிது. செய்யும்போது இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி. ஆற்றலைத் தீர்க்க மின்கடத்தும் தன்மை வேண்டும். அந்தத் தன்மை கூடக் கூட, பொருளின் மேற்பரப்பு உலோகம்போல் நடந்துகொண்டு அலையை வாசலிலேயே திருப்பிவிடுகிறது. வெற்றிடம் அலைக்குக் காட்டும் மின்மறுப்பு 377 ஓம். அதிலிருந்து மிகவும் விலகிய எந்தப் பரப்பும் அலையைத் திருப்பும். இந்தத் துறையில் இதுவரை நடந்த வேலை முழுவதும் அந்த வாசலுக்கும் உள்ளறைக்கும் இடையே செய்துகொண்ட சமரசம்தான்.

அப்படியொரு சமரசம் நம் வீட்டுக்குள்ளேயே வந்துபோகிறது. மைக்ரோவேவில் வைக்கும் பாப்கார்ன் பொட்டலத்தின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு சதுரப் பட்டை இருக்கும், பார்த்திருப்பீர்கள். பாலியெஸ்டர் படலத்தின்மேல் சில நானோமீட்டர் தடிமனுக்கு அலுமினியத்தை ஆவியாகப் படியவைத்தது அது. அதே அலுமினியம் சமையல் ஃபாயில் தடிமனில் இருந்தால் அலையைத் திருப்பி எறியும். இவ்வளவு மெலிதானதும் அதன் மின்தடை சரியான இடத்துக்கு வந்து நிற்கிறது. அலையை வாங்கிச் சூடாகிச் சோளத்தைப் பொரிக்கிறது. தடிமன் மட்டும்தான் மாறியது, உலோகம் மாறவில்லை. நானோ என்ற அளவு ஏன் இங்கே பொருட்படுகிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

இந்தத் துறை போரில் வளர்ந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டாம் உலகப்போரில் நேச நாட்டு விமானங்கள் பத்து சென்டிமீட்டர் அலை ராடாரோடு கடல்மேல் பறந்தபோது, ஜெர்மன் நீர்மூழ்கிகள் காற்றிழுக்க நீட்டிய குழாயின் தலைகூடத் திரையில் தெரிந்தது. அதை மறைக்க ஜெர்மானியர் 'புகைபோக்கித் துப்புரவாளர்' என்ற மறைபெயரில் ஒரு திட்டம் நடத்தினார்கள். அதில் விளைந்தவை இரண்டு. ஒன்று, கார்போனைல் இரும்புத் தூளை நிறைத்த ரப்பர் விரிப்பு. ஏறத்தாழ எட்டு மில்லிமீட்டர் தடிமன், 3 கிகாஹெர்ட்ஸ் அலைக்கென்றே அளந்து செய்தது. மற்றொன்று, மின்தடைத் தாள்களையும் பிளாஸ்டிக்கையும் மாறி மாறி அடுக்கிய யௌமான் அடுக்கு. அது பல அதிர்வெண்களை விழுங்கியது, ஆனால் தடிமன் ஏழு சென்டிமீட்டருக்கும் மேல். அமெரிக்காவில் ஓட்டோ ஹால்பெர்ன் ராடார் எதிர்ப்புப் பூச்சு செய்தார். வின்ஃபீல்ட் சாலிஸ்பரி, உலோகத்துக்கு முன்னால் கால் அலைநீளத் தொலைவில் 377 ஓம் மின்தடைத் திரையை நிறுத்தினால் அந்த ஓர் அதிர்வெண் அடியோடு அடங்கும் என்று காட்டினார். அவருடைய காப்புரிமை 1952-இல் வெளிவந்தது. போருக்குப்பின் ஆய்வகச் சுவர்களை மூட, சுருள் விலங்கு மயிரைக் கரி கலந்த ரப்பர்ப் பாலில் முக்கி விரிப்புகளாகச் செய்தார்கள். இன்றைய ஆய்வறைகளில் சுவரெங்கும் கூம்பு கூம்பாக நிற்கும் பாலியூரிதேன் நுரை அதன் வாரிசு. கூம்பின் முனை பெரும்பாலும் காற்று. அடியை நெருங்க நெருங்கக் கரி கூடுகிறது. அலைக்கு எங்கே வாசல், எங்கே உள்ளறை என்றே தெரியாது.

அந்தக் கூம்புகளை விமானத்தில் ஒட்ட முடியாது. மெலிதாக வேண்டும் என்றால் இரும்புத் தூளும் ஃபெரைட் என்ற காந்தப் பீங்கானும்தான் பழைய வழி. அங்கே எடை குறுக்கே நிற்கிறது. இரும்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.9 கிராம், ஃபெரைட்டுக்குச் சுமார் 5. தூள் நிறைந்த ஒரு ரப்பர் விரிப்பின் அடர்த்தி 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மில்லிமீட்டர் தடிமனில் ஒரு சதுர மீட்டர் எட்டுக் கிலோ. செயற்கைக்கோளுக்குள்ளோ ஆளில்லாச் சிறு விமானத்திலோ எட்டுக் கிலோவுக்கு இடமில்லை. ஃபெரைட்டுக்கு இன்னொரு குறையும் உண்டு. அதிர்வெண் ஏற ஏற அதன் காந்தத் திறன் சரிந்துவிடும். நெதர்லாந்தின் ஸ்னூக் 1948-இலேயே கணக்கிட்டுச் சொன்ன எல்லை அது. இந்தப் பழைய பாதையையும் நான் குறைத்துப் பேச மாட்டேன். கொச்சிப் பல்கலைக்கழகத்தில் இயற்கை ரப்பரில் ஃபெரைட்டைக் கலந்து அதன் காந்தப் பண்பையும் நுண்ணலைப் பண்பையும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறார்கள். ரப்பர் விளையும் மண்ணுக்கு அடுத்தாற்போல் ரப்பரின் புது உபயோகத்தைத் தேடிய அந்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது.

1991-இல் ஜப்பானின் சுமியோ இயீஜிமா கார்பன் நானோ குழாய்களை மின்னணு நுண்ணோக்கியில் காட்டினார். பலபடிகளைக் கையாளும் வேதியியலாளர்கள் அதைப் பார்த்ததும் கண்டுகொண்டது ஒன்றுதான்: இது நீளமானது. பத்து நானோமீட்டர் விட்டம், சில மைக்ரோமீட்டர் நீளம். அகலத்தைப் போல் நூற்றுக்கணக்கான மடங்கு நீளம். உருண்டைக் கரித்துகள்களைப் பிளாஸ்டிக்கில் கலந்தால், ஒன்றை ஒன்று தொட்டு மின்னோட்டத்துக்குப் பாதை அமைய நிறையத் துகள் வேண்டும். பத்து, பதினைந்து சதவீதம் என்று கொட்ட வேண்டியிருக்கும். அவ்வளவு கொட்டினால் பிளாஸ்டிக் நொறுங்கும். நீண்ட குழாய்களோ மிகக் குறைந்த அளவிலேயே ஒன்றை ஒன்று எட்டிப் பிடித்துவிடுகின்றன. எபாக்சிப் பிசினில் ஒரு சதவீதத்துக்கும் கீழே பாதை அமைந்துவிடுவதைப் பல ஆய்வகங்கள் கண்டிருக்கின்றன. பாதை அமையும் அந்த அளவுக்கு முன்னால் அது மின்கடத்தாப் பிளாஸ்டிக். தாண்டியதும் கடத்தும் பிளாஸ்டிக். இடையே இருக்கும் குறுகிய வெளியில்தான் அலையை வாங்கும் பொருள் கிடைக்கிறது. அங்கே குழாய்களில் ஓடும் மின்னோட்டமும், குழாய்க்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையே உள்ள கோடானுகோடி எல்லைகளில் தேங்கித் தேங்கி நகரும் மின்னூட்டமும் சேர்ந்து அலையின் ஆற்றலை வெப்பமாக்குகின்றன. 99 பங்கு சாதாரணப் பிளாஸ்டிக், ஒரு பங்கு கார்பன். எடை குறைந்ததன் இரகசியம் அவ்வளவுதான்.

நுரையாக்கினால் இன்னும் இலேசாகும் என்பது அடுத்த எண்ணம். 2005-இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தினரும் நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தினரும் நானோ குழாய் கலந்த பாலிஸ்டைரீன் நுரை ஒன்றைச் செய்தார்கள். நம் ஊரில் தெர்மாகோல் என்கிறோமே, அதன் உறவினர். எடையில் 7 சதவீதம் குழாய் சேர்த்ததும் 20 டெசிபெல் அளவுக்கு அலையைத் தடுத்தது. நூறில் ஒரு பங்குதான் அப்பால் போனது. விண்வெளிக்கு அனுப்பும் கருவிக்குத் தெர்மாகோல் எடையில் கவசம் கிடைத்தால் யாருக்குத்தான் மகிழ்ச்சி இருக்காது. ஆனால் அந்த ஆய்வாளர்களே நேர்மையாக எழுதியது இது: தடுத்ததில் பெரும்பகுதி வாங்கியதால் அல்ல, திருப்பி எறிந்ததால். கடத்தும் தன்மை மிகுந்துவிட்டது. தெர்மாகோலில் கருங்கல் சுவர் கட்டியாயிற்று. என்னைக் கேட்டால் இந்தத் துறையில் முக்கியமான பாடம் அந்தக் கட்டுரையில்தான் இருக்கிறது. கவசம் வேறு, உறிஞ்சி வேறு. அப்பால் போகாமல் தடுப்பது ஒரு வேலை. இப்பால் திரும்பாமலும் தடுப்பது அதனினும் கடினமான வேலை. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பும் கட்டுரைகள் இன்றும் வந்துகொண்டிருக்கின்றன.

2016-இல் உலகம் வியந்த மேக்சீன் படலமும் இதே வகைதான். டைட்டானியமும் கார்பனும் சேர்ந்த அணு அடுக்குகளால் ஆனது இது. ஃபிலடெல்ஃபியாவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் 2011-இல் பிறந்தது. வெறும் 45 மைக்ரோமீட்டர் தடிமனில், தலைமுடியை விட மெலிதான படலத்தில், 92 டெசிபெல் தடுப்பு. கவசமாக அது அபாரம். பெட்டிக்குள் எதிரொலிக்கும் அலையை அடக்க அதை அப்படியே ஒட்டினால் உலோக மூடியைப் போலத்தான் நடக்கும். அதையே பிளாஸ்டிக்கில் கொஞ்சமாகப் பரப்பி, இடையே காற்று விட்டு, அடுக்கின் மேற்புறத்தை மென்மையாக்கி நுழைவாயில் அமைக்கிறார்கள் இப்போது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சூர்யசாரதி போஸின் குழு வேறொரு வழியில் நெடுங்காலம் உழைத்திருக்கிறது. ஒன்றோடு ஒன்று கலக்காத இரண்டு பிளாஸ்டிக்குகளை உருக்கிப் பிசைவார்கள். நானோ குழாய்கள் அவற்றில் ஒன்றை மட்டும் விரும்பி அதற்குள் போய்ச் சேர்ந்துவிடும். மொத்தத்தில் கொஞ்சமே சேர்த்தாலும், அந்த ஒன்றின் இழைகளுக்குள் அவை நெருக்கமாக நிற்கும். செலவும் எடையும் மீண்டும் குறைகின்றன. பிளாஸ்டிக்கின் வெறுப்பையே ஆயுதமாக்கிக்கொண்ட அந்த யோசனை அழகானது.

இதையெல்லாம் எழுதுவது எளிது. செய்பவர்கள் படும் பாட்டை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், நானோத் துகளின் முதல் குணம் திரள்வது. குப்பியில் கறுப்புப் பஞ்சாக இருக்கும் குழாய்கள் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு பிரிய மறுக்கும். ஒலியலைக் கருவியில் வைத்து மணிக்கணக்கில் அதிரவிட்டால் பிரியும், ஆனால் ஒடியும். அமிலத்தில் ஊறவைத்தால் பிசினோடு நன்றாகச் சேரும், ஆனால் அமிலம் அரித்த இடங்களில் மின்கடத்தும் திறன் போய்விடும். இரட்டைத் திருகு எக்ஸ்ட்ரூடரில் உருக்கிப் பிசைவது தொழிற்சாலைக்கு ஏற்றது. அங்கே பிசையும் விசை அதிகமானால் குழாய் குட்டையாகும், குறைந்தால் கட்டி கட்டியாக நிற்கும். நாம் கொண்டாடிய அந்த நீளம்தான் முதலில் பலியாகிறது. ஒரே செய்முறை, ஒரே எடை, ஒரே கருவி. திங்கட்கிழமை வார்த்த தகடும் வியாழக்கிழமை வார்த்த தகடும் வேறு வேறு எண் காட்டும். இந்த மாதிரி நாள்களில் மாணவர்கள் தங்களையே நொந்துகொள்கிறார்கள். பிழை அவர்களிடம் இல்லை. பரவல் என்பது இந்தத் துறையில் இன்னும் முழுதாக வெல்லப்படாத கோட்டை. அந்த வேறுபாட்டை மறைக்காமல் ஆய்வேட்டில் எழுதுகிறவரே எனக்கு நல்ல ஆய்வாளர்.

ஆய்வாளர்களுக்குப் பிடித்த ஓர் எண்ணைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். இந்தத் துறைக் கட்டுரைகளைப் புரட்டினால் தலைப்பிலேயே மைனஸ் 50, மைனஸ் 60 டெசிபெல் என்று பெரிய எண்கள் நிற்கும். பத்து டெசிபெல் என்றால் நூறில் தொண்ணூறு பங்கு அடங்கிவிட்டது. இருபது என்றால் 99 பங்கு. முப்பது என்றால் 99.9. அதற்குமேல் அறுபது வரை ஏறினாலும் கூடுதலாக அடங்குவது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கிட்டத்தட்ட எல்லாப் பயன்பாட்டுக்கும் இருபது தாராளம். பத்தே பல இடங்களுக்குப் போதும். அதைவிட முக்கியமானது, அந்த மைனஸ் அறுபது பெரும்பாலும் ஒரே ஓர் அதிர்வெண்ணில், ஒரே ஒரு தடிமனில் குத்திட்டு நிற்கும் ஊசி முனை. தடிமன் இரண்டு மில்லிமீட்டருக்குப் பதில் 2.1 ஆனால் ஊசி நகர்ந்துவிடும். பல கட்டுரைகளில் அது நேரடியாக அளந்ததுகூட இல்லை. சிறு வளையம் ஒன்றை வார்த்து அதன் மின்காந்தப் பண்புகளை அளந்து, சூத்திரத்தில் இட்டு, எந்தத் தடிமன் அழகான எண்ணைத் தருகிறதோ அதை எடுத்துக்கொள்வார்கள். ஒரு சதுர அடித் தகடு வார்த்து, உலோகத்தின்மேல் வைத்து, உண்மையில் அலையை அடித்துப் பார்த்தவர்கள் குறைவு.

இயற்கை விதித்த ஓர் எல்லையும் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் ரஷ்ய ஆய்வாளர் கான்ஸ்டான்டின் ரோஸனோவ் அதைக் கணக்கிட்டுக் காட்டினார். உலோகத்தின்மேல் ஒட்டிய எந்த உறிஞ்சியும், அது எந்தப் பொருளால் ஆனதாக இருந்தாலும், குறிப்பிட்ட அகல அலைவரிசையை அடக்கக் குறிப்பிட்ட தடிமன் இல்லாமல் முடியாது. காந்தத்தன்மை இல்லாத பொருளைக் கொண்டு 2 முதல் 18 கிகாஹெர்ட்ஸ் வரை முழுவதும் பத்து டெசிபெல் அடக்க வேண்டுமானால் ஏறத்தாழ எட்டு மில்லிமீட்டர் வேண்டும். எந்த நானோவும் இதை உடைக்காது. 8 முதல் 12 வரையுள்ள பட்டை மட்டும் போதும் என்றால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனே கணக்கில் சாத்தியம். காந்தத் துகளைச் சேர்த்தால் இன்னும் மெலிதாக்க இடமுண்டு. இலேசான கார்பனோடு கொஞ்சம் இரும்பு ஆக்சைடையோ கோபால்ட்டையோ சேர்த்துப் பார்க்கும் ஆய்வுகள் இன்றும் நடப்பது அதனால்தான். முனைவர் பட்ட மாணவர்கள் தங்கள் தகட்டின் எண்ணை ரோஸனோவ் எல்லையோடு ஒப்பிட்டு ஒரு வரி எழுதினால், நூறு டெசிபெல் பெருமையைவிட அந்த ஒரு வரி அதிகம் சொல்லும்.

நான் கேட்கும் கேள்விகள் சாதாரணமானவை. ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்? எந்தப் பட்டை முழுவதும் பத்து டெசிபெல்? சாய்வாக வரும் அலைக்கும் அதே வேலை செய்கிறதா? அறுபது டிகிரி வெயிலில் மூன்று மாதம் கிடந்தபின்? கடற்காற்றில்? ராடாருக்கு மறையும் அமெரிக்காவின் பி-2 விமானத்தின் உறிஞ்சிப் பூச்சைக் காக்க, வெப்பமும் ஈரமும் கட்டுப்படுத்திய கொட்டகைகள் கட்ட வேண்டியிருந்தது. தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ ஒரு கரையோர ராடார்க் கூடத்துக்குச் செய்யும் பொருளுக்கு அப்படிக் கொட்டகை யார் கட்டுவார்கள்? சாதாரண உப்புக்காற்றில் பத்தாண்டு நிற்கும் பதினைந்து டெசிபெல் தகடு, கண்ணாடிக் குப்பிக்குள் மட்டும் வாழும் அறுபது டெசிபெல் பொடியைவிட எனக்கு உயர்ந்தது.

ஸ்டிக்கர் கேட்டவர்களுக்கு இப்போது பதில். போனின் வேலையே அலையை அனுப்புவது. அதை முழுதாக விழுங்கும் ஸ்டிக்கரை ஒட்டினால் போன் பேசாது. பாதி விழுங்கினால், கோபுரத்தை எட்ட முடியாமல் போன் தன் வலுவைக் கூட்டிக்கொள்ளும். அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம், இத்தகைய தடுப்பான்கள் போனைக் கூடுதல் அலையை உமிழவைக்கலாம் என்றே மக்களை எச்சரித்திருக்கிறது. ஒரு ரூபாய் நாணய அளவுள்ள ஸ்டிக்கர் அதற்குக்கூட லாயக்கில்லை. அது மூடும் இடம் அவ்வளவுதான். நுண்ணலைக்கு வேதிப் பிணைப்பை உடைக்கும் ஆற்றல் இல்லை, சூடாக்கும் ஆற்றல்தான் உண்டு. உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் இவ்வகை அலைகளை 'புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம்' என்ற வகையில் வைத்தது. அதனால்தான் ஆய்வுகள் தொடர்கின்றன. இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல், உடல் உறிஞ்சும் அளவு ஒரு கிராம் திசுவின் சராசரியில் கிலோவுக்கு 1.6 வாட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. பெரும்பாலான போன்களில் *#07# அழுத்தினால் அதன் அளவு தெரியும். கவலை இருந்தால் காதிலிருந்து எடுத்து ஒலிபெருக்கியில் பேசுங்கள். சில சென்டிமீட்டர் தொலைவு செய்யும் உதவியை எந்த ஸ்டிக்கரும் செய்யாது. பணத்தைச் செலவழிக்க வேண்டாம்.

உண்மையில் கவனம் வேண்டிய இடம் ஒன்று உண்டு, அது ஆய்வகத்து மேசை. நீண்ட, விறைப்பான நானோ குழாய்கள் எலிகளின் வயிற்றறை உறையில் ஆஸ்பெஸ்டாஸ் போன்ற விளைவை உண்டாக்கியதை 2008-இல் எடின்பரோ ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிளாஸ்டிக்குக்குள் சிக்கிய குழாய் வெளியே வந்து பறப்பதில்லை. பொடியாக எடை போடும்போதும், வார்த்த தகட்டை வாளால் அறுத்து அரம் போடும்போதும் பறக்கும். மாணவர்களே, சாதாரணத் துணி முகமூடி போதாது. நுண்துகள் வடிகட்டும் முகமூடியும் புகைக்கூண்டும் இல்லாமல் அந்தக் குப்பியைத் திறக்காதீர்கள். பேராசிரியர்களே, அது இல்லாத ஆய்வகத்தில் அந்தப் பணியைக் கொடுக்காதீர்கள். கரி கலந்து இறுகிய பிளாஸ்டிக்கை மறுசுழற்சி செய்வது கடினம் என்ற கவலையும் எனக்கு உண்டு. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

கடைசியாக, கருவி இல்லையே என்று எழுதும் கல்லூரிகளுக்கு ஒரு வார்த்தை. நுண்ணலையை அளக்கும் பிணைய ஆய்வுக் கருவியின் விலை சிறு கல்லூரிக்கு எட்டாதது என்பது எனக்குத் தெரியும். ஆனால் தகட்டை வார்க்க அந்தக் கருவி வேண்டாம். எபாக்சி, கரித்தூள், ஒரு தராசு, ஒரு மின்தடைமானி போதும். ஒரு சதவீதம், இரண்டு, மூன்று என்று கரியைக் கூட்டிக்கொண்டே போய் மின்தடை எங்கே சடாரென்று விழுகிறது என்று பார்த்துவிட்டாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அந்த விளிம்பை ஒட்டிய இரண்டு மூன்று தகடுகளை மட்டும் எடுத்துக்கொண்டு அளவைக்குப் போகலாம். சென்னை தரமணியில் உள்ள 'சமீர்' மின்காந்தவியல் மையம் மின்காந்த இடையூறுச் சோதனைகள் செய்யும் அரசு நிறுவனம். உங்கள் துறைத்தலைவர் வழியாக அங்கே முறைப்படி எழுதிக் கேளுங்கள். பெரிய பல்கலைக்கழகங்களின் பொதுக் கருவி மையங்களையும் கேட்டுப் பாருங்கள். அளந்துவந்த வரைபடம், உச்சமும் பள்ளமும் எப்படி இருந்தாலும், தகட்டின் எடையையும் தடிமனையும் கூடவே குறித்து நமக்கு அனுப்புங்கள். எதிர்பார்த்தது வராத முடிவுகளுக்கும் இந்த இதழில் பக்கம் உண்டு.

அன்புடன்,
ஆசிரியர்